கழிவுக் குழாயும் உளூவின் தண்ணீரும்



அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்களிடையே, கோடை விடுமுறையில் மோட்டார் ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன் எனச் சுற்றிவரும் ஆர்வம் பெருகியுள்ளது. அதற்குக் காரணமும் உண்டு. ஹலாலான உணவை நாமே சமைத்துக்கொள்ளலாம். பெண்கள் மறைவாக உளூச் செய்யலாம். வக்து தவறாமல் வண்டிக்குள்ளேயே தொழலாம். ஆனால் அந்த வண்டியின் கழிப்பறையில் சேர்வதை நம் கையாலேயே வெளியேற்ற வேண்டும் என்பதைப் பயணத் திட்டம் தீட்டும்போது எவரும் பேசுவதில்லை.

கடந்த ஆண்டு நாங்கள் இரண்டு குடும்பங்களாகச் சென்றிருந்தோம். முகாம் திடலை அடைந்தபோது அஸர் நேரம் முடியும் தறுவாயில் இருந்தது. தண்ணீர் நிரப்புவதற்காக வண்டியின் பக்கவாட்டு அறையைத் திறந்தோம். குடிநீருக்கான வெள்ளைக் குழாய் உள்ளே சுருண்டு கிடந்தது. அதன் மீது, மூடியிடப்படாத கழிவுக் குழாய். அதிலிருந்து கசிந்த நீர் வெள்ளைக் குழாயின் முனையை நனைத்திருந்தது. காலையில் புறப்படும் அவசரத்தில் அவ்வாறு திணித்தவர்கள் வேறு எவருமல்லர், நாங்களே! கையிலிருந்த புட்டித் தண்ணீரில் உளூச் செய்து தொழுதோம். மறுநாள் புதிய குடிநீர்க் குழாய் வாங்கினோம். நாங்கள் கவனிக்காதிருந்தால், நஜீஸ் கலந்த அந்த நீரே பிள்ளைகளின் குவளைக்கும் எங்கள் உளூவுக்கும் வந்திருக்கும்.

இதைத் தவிர்ப்பது கடினமன்று. கையுறை அணிந்துகொண்டு முதலில் கழிப்பறைத் தொட்டியையும், பிறகு குளியல், சமையல் நீர் சேரும் தொட்டியையும் திறக்க வேண்டும். பின்னதன் சோப்பு நீர் குழாயின் உட்புறத்தை ஓரளவு அலசிவிடும். அடைப்பான்களை மூடிய பின், வண்டியோடு இணைந்த முனையை முதலில் கழற்றி உயர்த்திப் பிடித்து, குழாயைச் சிறிது சிறிதாகத் தூக்கியவாறே தரையிலுள்ள துவாரத்தை நோக்கி நடந்தால், தேங்கியது முழுவதும் வடிந்துவிடும். கழிவு இறக்கும் நிலையத்தில் அலசுவதற்கென்றே தண்ணீர் இருக்கும்; அது குடிப்பதற்கன்று. அதனால் உள்ளும் புறமும் கழுவி, இரு முனைகளுக்கும் மூடியிட வேண்டும்.

பிறகு எங்கே வைப்பது? வழக்கமான கழிவுக் குழாயின் விட்டம் 3 அங்குலம். சில வண்டிகளில் பின்புற பம்பரே 4 அங்குலச் சதுரக் கூடாக இருக்கும். குழாய் அதற்குள் செல்லும், ஆனால் முனைப் பொருத்திகள் பல நேரம் நுழையா. ஆகவே சொந்த வண்டி வைத்திருப்போர், வேலிக்குப் பயன்படும் 5 அங்குல வினைல் தூண் ஒன்றை வண்டியின் அடியில் பொருத்தி, நீர் வடியவும் காற்றுப் புகவும் கீழ்ப்புறத்தில் சிறு துளைகள் இடுகின்றனர். வாடகை வண்டியில் செல்வோருக்கு மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டி போதும். கழிவுக் குழாயும் கையுறைகளும் மட்டுமே அதில் இருக்கட்டும். குடிநீர்க் குழாய் வேறோர் அறையில், இரு முனைகளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு இருக்கட்டும்.

"வாடகை வண்டிதானே, திருப்பிக் கொடுத்த பின் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று சிலர் கூறுவர். இதை நாம் ஏற்க இயலாது. வாடகைப் பணம் வண்டியை ஓட்டும் உரிமையைத் தருகிறது. அடுத்தவரை நம் அசுத்தத்தில் கை வைக்கச் செய்யும் உரிமையைத் தருவதில்லை. நம் பொறுப்பில் இருக்கும் நாள் வரை அது அமானிதம். நிலையத்தின் தரையில் நாம் சிந்தியதைக் கழுவாமல் புறப்படுவதும் இத்தகையதே. மக்கள் நடமாடும் பாதையிலும் அவர்கள் ஒதுங்கும் நிழலிலும் அசுத்தம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளதை அறிந்த சமுதாயம் நாம். நமக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர் எந்த மதத்தவராயினும், அவர் கால் வைக்கும் இடம் அவருடைய ஹக்கு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தந்தையர் வண்டியோட்டுவதோடு தம் கடமை முடிந்ததாகக் கருதி, இவ்வேலையை இளையவர் தலையில் கட்டிவிடுகின்றனர். அருவருப்பான வேலையைப் பெரியவரே முன்னின்று, முகம் சுளிக்காமல், முறையாகச் செய்வதைப் பிள்ளைகள் காணட்டும். தூய்மையைப் பற்றி நாம் நிகழ்த்தும் பத்து உபதேசங்களைவிட அந்தக் காட்சி அவர்கள் மனத்தில் நெடுநாள் நிற்கும், இன்ஷா அல்லாஹ்.