லைசென்ஸ் மட்டும் போதுமா?

2023 நவம்பரில் எங்கள் ராயபுரத்தில் ஒரே தெருநாய் 25 பேருக்கு மேல் கடித்தது. அதற்கு வெறிநோய் என்று பரிசோதனையில் தெரிந்தது. 2024 மே மாதம் ஆயிரம் விளக்கு பூங்காவில் 5 வயதுச் சிறுமியைக் கடித்தவையோ வளர்ப்பு நாய்கள்!

வளர்ப்பு நாய்க்குத் தடுப்பூசி போட்டு லைசென்ஸ் வாங்கச் சொல்கிறது மாநகராட்சி. நல்லதுதான். ஆனால் லைசென்ஸ் வந்து வீட்டுக்குள் காவல் இருக்குமா? அது நம் வேலைதான், தோழியரே!

நாங்களும் தெருக்குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கிறோம். ஒண்டுக்குடித்தனம்தான், ஆனாலும் கட்டிலடியில் சாக்கு விரித்து அதற்கென்று ஒரு மூலை. அது சாப்பிடும்போதும் தூங்கும்போதும் பிள்ளைகள் கிட்டே போகக் கூடாது. பெரியவர்கள் இல்லாமல் இருவரையும் தனியே விடுவதில்லை. உறுமினால் அடிப்பதுமில்லை. உறுமல் என்பது எச்சரிக்கை; அதை அடித்து அடக்கினால், அடுத்த முறை உறுமாமலே கடித்துவிடும்.

முக்கியமாக ஒன்று. திட்டு விழும் என்று பயந்து பிள்ளைகள் சின்னக் கீறலை மறைத்துவிடும். "சொன்னா அம்மா திட்டமாட்டேன்" என்று இப்போதே சொல்லி வையுங்கள். பல் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். வெறிநோய் முற்றினால் மருந்தில்லை. ஊசி போட்டால் பிள்ளை பிழைக்கும்.

- ஒரு வாசகி, திருவொற்றியூர்