உயரம் வேறு, இழுவை வேறு

கொல்லிமலை, ஏற்காடு பகுதி விவசாயிகள் சிலர் உயரத்தைப் பார்த்தே வண்டி வாங்குகின்றனர். 'ஜீப் மாதிரி இருக்கிறது, சேற்றில் ஏறிவிடும்' என்று நம்புகின்றனர். இது சரியல்ல.

இன்று விற்கும் சிறிய எஸ்.யூ.வி.க்கள் பெரும்பாலானவற்றில் முன்சக்கரங்கள் மட்டுமே இழுக்கின்றன. பின்னால் மூட்டை ஏற்றி மேட்டில் ஏறும்போது, எடை பின்சக்கரங்களுக்குப் போய்விடும். முன்சக்கரம் பிடிப்பின்றி வீணே சுழலும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, சற்றுத் தாழ்வாக இருந்தாலும், அந்த ஈர மேட்டில் ஏறும். பாதையில் கல், பள்ளம் அதிகமென்றால் உயரமும் அவசியம்.

எந்த வண்டியானாலும் பிரேக் போட்டால் நிறுத்துவது டயரின் பிடிப்பே. தேய்ந்த டயரை மாற்றுங்கள்.

சமவெளி விவசாயிகளே, ஆண்டில் நாலு நாள் சேற்றுக்காக நான்கு சக்கர இழுவைக்குக் கடன்படாதீர்கள். அன்று வாடகை டிராக்டர் போதும். மலை விவசாயிகள், முடிந்தால் மழைநாளில் சுமையுடன் தோட்டப் பாதையிலேயே ஓட்டிப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.