யோபுவின் பொறுமையை எங்களிடம் பேசாதீர்

அம்மாவை அடக்கம் செய்த அன்று சாமியார் பிரசங்கம் வைத்தார். யோபுவைப் போலப் பொறுமையாக இருந்தாளாம், விசுவாசத்தில் அசையவில்லையாம். ஊருக்குப் போகும் தூம்பா எங்கள் தெருவுக்கு வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். கல்லறைத் தோட்டத்தில் எங்களுக்கு வேறு மூலை என்பதும் தெரியும். அதப் பத்தி ஒரு வார்த்த இல்ல.

இவர்கள் யோபு புத்தகத்தை இரண்டாம் அதிகாரத்தோடு மூடிவிடுகிறார்கள். மூன்றாம் அதிகாரத்தில் அவன் பிறந்த நாளையே சபிக்கிறான். அதிலிருந்து 31 வரை வழக்காடுகிறான். 'நீ ஏதோ பாவம் செஞ்சிருப்ப, அடங்கிப் போ' என்று பக்தியாகப் பேசியவர்கள் அவன் நண்பர்கள். 42இல் கடவுளின் கோபம் யார்மேல் விழுகிறது? அந்த நண்பர்கள்மேல்!

எங்கள் துன்பத்தைக் கடவுள் அனுப்பவில்லை. அது தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு வந்தது. 1950 குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதிக்கு மதத்தை வேலியாக்கியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் வேலி திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. தடையை நீக்கச் சொல்லி 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. நீக்காமல் 2022இல் இன்னொரு ஆணையம் போட்டார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் எங்களுக்கு இல்லை. அடிக்கிறவன் ஞானஸ்நானச் சீட்டப் பாத்துட்டா அடிக்கிறான்?

சொந்தக்காரர்கள் பலர் சான்றிதழில் 'இந்து' என்று எழுதிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஒருத்தனை ரெண்டு பேர் வைத்துக்கொள்ளச் செய்தது சட்டம். அம்மா மட்டும் மாட்டேன்னுட்டா. "கும்புடுற சாமிய மறச்சிட்டு வர்ற சோறு எனக்கு எறங்காதுடா." பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழோடு மூன்று தடவை தேர்வு எழுதித்தான் நான் வங்கிக் குமாஸ்தா ஆனேன்.

அதே அம்மாதான் கோயில் கூட்டத்தில் எழுந்து, "தூம்பா எங்க தெருவுக்கு ஏன் வர்றதில்ல சாமி?" என்று கேட்டவள். பதில் வரவில்லை. அடுத்த கூட்டத்திலும் கேட்டாள். இதுவா பொறுமை?

தோழர்கள் கேட்கிறீர்கள்: "அப்புறம் எதுக்கு அந்தக் கோயில்ல இருக்க?" நியாயமான கேள்வி. அந்தக் கோயிலுக்கு மண் சுமந்தது எங்கள் தெரு. சாதிப் பாகுபாடு பெரும்பாவம் என்று 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே தன் கொள்கை அறிக்கையில் ஒத்துக்கொண்டது. பாவம் செஞ்சவன் உள்ள இருக்க, பட்டவன் எதுக்கு வெளிய போகணும்?

லூக்கா 18இல் ஒரு விதவை வருகிறாள். அநியாயக்கார நடுவனிடம் போய்ப் போய் நிற்கிறாள், நியாயம் வாங்கும்வரை. அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் இயேசு, மண்ணில் விசுவாசம் மிஞ்சுமா என்று கேட்கிறார். அப்போ விசுவாசம்னா என்ன? திரும்பத் திரும்பப் போய் நிக்கிறது. என் அம்மா அசையாமல் நின்றது அங்கேதான்.

வரும் ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் கூட்டம். தூம்பாவைப் பற்றி இந்தத் தடவை நான் கேட்பேன். சாமியார் மறுபடி யோபுவை எடுத்தால், 42ஆம் அதிகாரத்தை எழுந்து நின்று வாசிப்பேன். எங்கள் தெருப் பிள்ளைகளும் கூட வருகிறார்கள்.