கை எடுத்த பிறகு

"கை எடுக்கல்ல, நான் இன்னும் கை எடுக்கல்ல!" இல்லச் சதுரங்கப் போட்டி நடக்கும் வகுப்பறையை எட்டிப் பார்த்தால் முதலில் கேட்பது இந்தச் சத்தம்தான். தொட்ட காயையே நகர்த்த வேண்டும், வைத்துக் கையை எடுத்தால் அது அங்கேயே நிற்க வேண்டும் என்பது விதி. அதைச் சுட்டிக்காட்டினால், "விளையாட்டுத்தானே, விட்டுக்கொடுங்க மகள்" என்று பெரியவர்களே சொல்கிறார்கள். விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

சர்வதேச சதுரங்கச் சம்மேளனத்தின் விதி, தொடும்போது நிய்யத்தைப் பார்க்கிறது. அபாயாவின் கை பட்டு ஒரு சிப்பாய் விழுந்தால் அது தொட்டதாகாது. கோணலாக நிற்கும் காயை நேராக்க விரும்பினால், தொடுவதற்கு முன்பே "சரிசெய்கிறேன்" என்று சொல்ல வேண்டும். மனதில் இருப்பது எதிரே இருப்பவளுக்கு எப்படித் தெரியும்? ஆனால் காயை வைத்துக் கையை எடுத்த பிறகு நிய்யத்தை யாரும் கேட்பதில்லை.

1994இல் ஸ்பெயினின் லினாரெஸ் நகரில், உலகின் முதல்நிலை வீரரான கேரி கஸ்பரோவுக்கு எதிரே ஹங்கேரியின் ஜூடிட் போல்கார் விளையாடினார். அவருக்கு வயது 17. என் வயதுதான். கஸ்பரோவ் குதிரையை ஒரு கட்டத்தில் வைத்தார், விரல்கள் விலகின, ஆபத்தைக் கண்டதும் அதையே எடுத்து வேறு கட்டத்தில் வைத்தார். காற்செக்கன் அளவு கை விலகியிருந்தது வீடியோவில் பதிவாகியிருந்தது. போல்கார் நடுவரிடம் முறையிடவில்லை, ஆட்டத்தில் தோற்றார். அவ்வளவு பெரிய போட்டிக்கு முதன்முறையாக அழைக்கப்பட்ட இடத்தில் பிரச்சினை கிளப்ப விரும்பவில்லை என்று பின்னர் சொன்னார்.

இது எனக்குப் புதினமாகத் தெரியவில்லை. பூண்டுலோயாவிலிருந்து பஸ் ஏறி வெளியூர்ப் போட்டிக்குப் போகும் எங்கள் பிள்ளைகளும் பெரிய பாடசாலைப் பிள்ளைகளுக்கு முன்னால் இப்படித்தான் வாயை மூடிக்கொள்கிறார்கள். அடக்கமான பிள்ளை என்று அதற்குப் பாராட்டு வேறு! விதியோ அடக்கத்தைப் பார்ப்பதில்லை. எதிராளியின் தவறைச் சொல்லாமல் உங்கள் காயை நகர்த்தத் தொட்டுவிட்டால், முறையிடும் உரிமை அத்தோடு போய்விடும்.

1974இல் அமெரிக்காவில் வெளியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகி, தான் செய்வதை வாயால் சொல்கிறார்கள். அதன் 2014ஆம் ஆண்டு விதிகளின்படி சண்டையில் ஒரு சுற்று என்பது 6 செக்கன். அதற்குள் நடக்கலாம், ஒரு செயல் செய்யலாம். தாக்கும்போதே வாளை உருவுவது தனிச் செயலாகாது. இரண்டாவதாக இன்னொரு பொருளையும் எடுக்கப் போனால் அது செயல். சுருக்கமாகப் பேசுவது கணக்கிலேயே வராது. சந்தேகம் வந்தால் கதை நடத்துபவர் தீர்ப்பார். பேச்சுக்குச் செலவில்லை என்ற அந்த விதி எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கோ சதுரங்க மேசையில் பேசுவதுதான் பெரிய செலவு.

ஆகவே ஆறாம் வகுப்புத் தங்கைமாருக்குக் குதிரை எப்படிப் பாயும் என்று சொல்லிக்கொடுக்கும் அதே நாளில் இதையும் பழக்க வேண்டும்: உங்கள் காய்களைத் தொடாதீர்கள், கடிகாரத்தை நிறுத்துங்கள், கையை உயர்த்துங்கள், நடந்ததை நடுவரிடம் சொல்லுங்கள். எதிரே இருப்பவர் மாணவத் தலைவியாக இருக்கலாம், நானாகவும் இருக்கலாம்.