மானிப்பாய் மருத்துவர் தரும் பாடம்

நோயுற்றவர் மருத்துவர் முன் அமர்ந்ததும் முதலில் தருவது ஒரு சொல்லைத்தான். 'நெஞ்சு கரிக்கிறது' என்பார் ஒருவர். 'தலை கிறுகிறுக்கிறது' என்பார் இன்னொருவர். 'உடம்பு சடவாக இருக்கிறது' என்பார் நம் கொங்கு நாட்டு மூதாட்டி. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு நோய்க்குறி. இவற்றின் வேறுபாட்டை அறிந்த மருத்துவர்க்குப் பாதி நோய் அப்போதே விளங்கிவிடுகிறது.

சில திங்களுக்கு முன், நம் தெருவில் தங்கியிருந்த ஒடிசா மாநிலத்துப் பனியன் தொழிலாளர் ஒருவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். எத்தனை நாளாக வலிக்கிறது, எரிச்சலா குத்தலா, உணவுக்கு முன்னா பின்னா என்று மருத்துவர் பொறுமையுடன் வினவினார். வினா அவருக்கு விளங்கவில்லை. விடை நமக்கு விளங்கவில்லை. மாத்திரைகளோடு திரும்பினோம். வழி நெடுக நம் நெஞ்சில் நின்றவர், சென்ற நூற்றாண்டுக்கும் முன் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த ஒரு சிற்றூர் மருத்துவர்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பது அவர் பெயர். அமெரிக்க நாட்டின் மாசசூசெட்சு மாநிலத்தில் 1822இல் பிறந்தவர். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று, 1847இல் அமெரிக்க மிஷனின் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டே மானிப்பாய் என்னும் சிற்றூரில் குடியேறினார். நோயாளரைப் பார்ப்பதும், உள்ளூர் இளைஞர்க்கு மருத்துவம் கற்பிப்பதும், ஓய்ந்த வேளையில் நூல் எழுதுவதும் அவருடைய வாழ்க்கையாயின. சமயப் பணியே அவர் வருகையின் நோக்கம் என்பதை மறைப்பதற்கில்லை. எனினும், நோய் தீர்க்க வந்தவர் நோயாளியின் மொழியைக் கற்றார் என்பதே நாம் இங்குக் கருதத்தக்கது.

தொடக்கத்தில் கிறீன் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலம் கற்ற மாணவர்களோ அரசுப் பணியை நாடி ஊரைவிட்டுச் சென்றனர். அவர்கள் மீது குறை கூறுவதில் பொருளில்லை. கல்வி எந்தத் திசையைக் காட்டுகிறதோ அந்தத் திசையில்தானே மாணவன் நடப்பான்? ஊர் மக்களின் நோய் ஊரிலேயே இருந்தது. இதனை உணர்ந்த கிறீன், 1857இல் தாயகம் சென்று 1862இல் மீண்டு வந்தபின், தமிழ்வழி மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். தமிழில் கற்றவர் தம் மக்களிடையே தங்குவர் என்பது அவர் எண்ணம். மாணவர் தம் நாட்டு உடையையும் வழக்கங்களையும் கைவிடலாகாது என்றும் அவர் விரும்பினார். அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

தமிழில் கற்பிக்க நூல் வேண்டுமே! அவரே முனைந்தார்; மாணவரும் துணை நின்றனர். மகப்பேறு பற்றிய 'பிரசவ வைத்தியம்' 1857இலும், அறுவை மருத்துவம் பற்றிய 'இரண வைத்தியம்' 1867இலும், உடற்கூறு பற்றிய 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும், வேதியியல் நூலாகிய 'கெமிஸ்தம்' 1875இலும் வெளிவந்தன. கலைச்சொல்லை முதலில் தமிழில் தேடினார். கிடைக்காவிடின் வடமொழியில் தேடினார். அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு ஏற்ப அமைத்தார். 'கெமிஸ்தம்' என்னும் பெயரே இதற்குச் சான்று. கலைச்சொல் தொகுதிகளையும் வெளியிட்டார். 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கிய பின்னும் அவர் பணி நிற்கவில்லை. கடல் கடந்த தம் ஊரில் இருந்துகொண்டே தமிழ் நூல்களைச் செப்பனிட்டு வந்தார். 'மனுஷ சுகரணம்' வெளிவந்தது 1883இல். அவர் மறைந்தது 1884இல். மானிப்பாய் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அறிவு மொழி கடந்து வளர்வது புதிதன்று. 9ஆம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் கிறித்தவ அறிஞர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக், கிரேக்க மருத்துவர் கேலனின் நூல்களை அரபு மொழிக்குக் கொணர்ந்தார். முஸ்லிம் கலீபாக்கள் அப்பணியைப் போற்றினர். இப்னு சீனாவின் 'அல்கானூன்' 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்குச் சென்று ஐரோப்பியர்க்கு மருத்துவம் கற்பித்தது. கொடுத்தவரும் கொண்டவரும் சமயம் பார்த்து நின்றிருந்தால் இழப்பு நோயாளிக்கே ஆகியிருக்கும்.

கிறீனின் சொற்கள் இன்று வழக்கில் இல்லையே என்று கேட்போர் உளர். உண்மைதான். 'சுகரணம்' என்பதை இன்று எம்மாணவரும் அறியார். மருத்துவத்தின் வளர்ச்சியை ஆங்கிலத்தில் கற்க வேண்டிய தேவையையும் நாம் மறுக்கவில்லை. சொற்கள் பழமையடையலாம், மருத்துவர் நோயாளியின் மொழிக்கு இறங்கி வரவேண்டும் என்ற கொள்கை பழமையடைவதில்லை. மத்தியப்பிரதேசத்தில் 2022இல் இந்தி மருத்துவப் பாடநூல்கள் வெளியிடப்பெற்றன. அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அப்பணி செய்யப்பெற்ற மொழி நம்முடையது. அந்தப் பெருமையைப் பேசி அமைவதா, அதற்குரிய கடமையைச் செய்வதா என்பதே நம்முன் உள்ள வினா.

திருப்பூரில் இக்கடமை இருமடங்கு. 2022 சனவரியில் இங்கும் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. அங்குப் பயிலும் மாணவர் ஆங்கிலத்தில் கற்பதை மூதாட்டியின் தமிழில் விளக்கக் கற்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஒடிசா, பீகார், சார்க்கண்டு, வங்காளம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தோர் நம் பின்னலாடைத் தொழிலைத் தாங்கி நிற்கின்றனர். அன்று யாழ்ப்பாணத்துத் தமிழன் மருத்துவர் முன் நின்ற நிலையில் இன்று அவர்கள் நிற்கின்றனர். தமிழுக்கு ஓர் அயலார் செய்த உதவியை, அயலார்க்குத் தமிழர் திருப்பிச் செய்யும் காலம் இது.

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. நம் கல்லூரியில் உருது பேசும் இல்லங்களிலிருந்து வரும் மாணவர் பலர் உளர். அவர்க்கு இந்தி விளங்கும். வாரத்தில் ஒரு பொழுது மருத்துவமனையில் மொழித்துணையாக நிற்க அவர்கள் முன்வரலாம். உடலுறுப்புகள், வலி வகைகள், மருந்துண்ணும் முறை ஆகியவற்றைத் தமிழ், இந்தி, ஒடியா, வங்காள மொழிகளில் தரும் சிறு கையேடு ஒன்றைத் தமிழ்த்துறை தொகுக்கலாம். ஒடியாவும் வங்காளமும் அறிய அத்தொழிலாளரையே ஆசிரியராகக் கொள்ளலாம். சமுதாயப் பெரியோர் அச்சுச் செலவை ஏற்கலாம். இவற்றைச் செய்ய யாரிடமும் ஆணை பெறத் தேவையில்லை.

நம்மோடு வந்த அத்தொழிலாளர்க்கு வயிற்றுவலி பின்னர் ஒருவாறு தணிந்தது. வழியில் காணும்போதெல்லாம் புன்னகை செய்கிறார். அவருக்கு என்ன நோய் என்பதை மட்டும் நாம் இன்றுவரை அறியோம். அடுத்த முறையேனும் அறியத்தக்க நிலையில் நாம் இருத்தல் வேண்டும்.