விபத்தா, குற்றமா?

குடி குடியைக் கெடுக்கும் என்பது நாம் அறிந்த மொழி. குடித்துவிட்டு வண்டியோட்டுபவனோ தன் குடியோடு, வழியே போகும் அயலான் குடியையும் கெடுக்கிறான்.

2006ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் விடியற்காலையில், மும்பை கார்ட்டர் சாலை நடைபாதையில் உறங்கிய கூலித் தொழிலாளர் மீது கார் ஒன்று ஏறியது. ஓட்டியவர் மது அருந்தியிருந்தார். எழுவர் மாண்டனர், எண்மர் காயமுற்றனர். கீழ் நீதிமன்றம் விதித்தது 6 மாதச் சிறையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும். உயர் நீதிமன்றம் சிறையை 3 ஆண்டுகளாக்கியது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

மாண்டவருக்காகக் கண்ணீர் வடிக்கிறோம். உயிர் பிழைத்தும் உறுப்பிழந்தவரின் கதி என்ன? காலிழந்த கொத்தனார் மீண்டும் சாரம் ஏறுவாரா? அவருடைய மகளின் படிப்பு என்னாகும்?

2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவு, அஜாக்கிரதையால் கொடுங்காயம் விளைவித்தவருக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. குடித்தவரையும் குடிக்காதவரையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை. அந்த 'அல்லது' என்னும் சிறு சொல்தான் நெஞ்சை உறுத்துகிறது. அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றால், இழந்த கால் அவ்வளவு மலிவா?

மாடு குறுக்கே வரத் தடுமாறுவது விபத்து. குடித்தபின் சாவியை எடுப்பது விபத்தாகுமா? போதையில் அறிவு மங்கியது என்பது சாக்காகாது. முதற் குவளையை எடுத்தபோது அறிவு தெளிவாகத்தானே இருந்தது?

"அவன் சிறை சென்றால் அவன் பிள்ளைகள் வாடுவார்களே" என்பர் சிலர். உண்மைதான், அவர்களுக்கு நாம் உதவ வேண்டும். ஆயினும் அடிபட்டவரின் பிள்ளைகளும் பிள்ளைகளே. மன்னிப்பது வேறு, நீதி வழங்குவது வேறு. ஆகவே, மது அருந்தி வண்டியோட்டிக் கொடுங்காயம் விளைவித்தவருக்கு அபராதத்தோடு தப்பும் வழி அடைக்கப்பட வேண்டும்; குறைந்தபட்சச் சிறைத் தண்டனையைச் சட்டமே வரையறுக்க வேண்டும்.

தோழியரே! சட்டம் அடிபட்ட பின்னரே வரும். நாம் அதற்கு முன்னரே வரலாம். திருமண வீட்டில் குடித்துவிட்டு வண்டியை எடுப்பவர் நம் அண்ணனே ஆயினும், மாமாவே ஆயினும், "சாவியைக் கொடுங்கள்" என்று கேட்கத் தயங்க வேண்டாம். அவர் கோபம் ஒரு நாளில் ஆறும். இழந்த கால் திரும்ப முளைக்காது.