கல்லுக்குப் பெயரிடுபவர் யார்?

மலையேற்றத்தை அறிந்த அளவுக்கு ‘போல்டரிங்’ எனும் விளையாட்டை நண்பர்கள் பலரும் அறிந்திருக்க வாய்ப்பில்லை. கயிறு கிடையாது, நான்கைந்து மீட்டர் உயரமுள்ள தனிப்பாறையில் கையும் காலுமே துணையாக ஏற வேண்டும், விழுந்தால் தாங்கத் தரையில் தடித்த மெத்தை. நாமும் ஏறியவர்கள் அல்லோம், படித்தும் படங்களில் பார்த்தும் அறிந்தவர்களே. ஆயினும் இலக்கியம் பயின்ற நம்மை இதிலுள்ள ஒரு வழக்கம் உடனே பற்றிக்கொண்டது. ஒரு வழியை முதன்முதலில் ஏறி முடித்தவரே அதற்குப் பெயர் சூட்டுகிறார். அதன் கடினத் தரத்தை முன்மொழிபவரும் அவரே. செம்புலப் பெயனீராருக்கு அவர் பாட்டின் தொடரே பெயராயிற்று. இங்கே ஏறியவரின் சொல் கல்லின் பெயராகிறது. ஆக, இது ஆசிரியராதலன்றி வேறென்ன?

அந்த ஆசிரிய உரிமையில் பெண்களின் பங்கு எவ்வளவு என்பதே நம் வினா.

2016 மார்ச்சில் ஜப்பானின் ஹியே மலையிலுள்ள ‘ஹொரைஸன்’ எனும் வழியை 14 வயது அஷிமா ஷிரைஷி ஏறினார். வி15 தரத்தை எட்டிய முதல் பெண் என்று உலகம் கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அவ்வழியைத் திறந்த டாய் கோயமாடாவுக்கு அடுத்து, ஆண் பெண் இருபாலாரிலும், அதை ஏறியவர் இச்சிறுமியே என்ற செய்தி அடிக்குறிப்பாகிவிட்டது. ‘பெண்களில் முதல்வர்’ எனும் அடைமொழி உயர்த்துவதுபோல் காட்டித் தனிவரிசையில் நிறுத்திவிடுகிறது.

இது பழைய நோய். 1929இல் மிரியம் ஓ’பிரையனும் அலிஸ் தமேமும் ஆண்துணையின்றி ஆல்ப்ஸின் கிரெப்போன் சிகரத்தை ஏறியபோது, இனி மானமுள்ள ஆண் எவனும் அதை ஏற முடியாது என்று பிரெஞ்சு மலையேறி ஒருவர் அங்கலாய்த்தாராம். 2023இல் கேட்டி லாம்ப் அமெரிக்காவின் ‘பாக்ஸ் தெரபி’யை ஏறினார், அப்போது அதன் தரம் வி16. அதே ஆண்டில் அதை ஏறிய புரூக் ரபூத்து வி15 என்பதே பொருந்தும் என்றார். கிரெப்போன் கதையே திரும்புகிறது என்பார் உளர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஓர் ஆண் இட்ட தரத்தைத் தானே ஏறிப் பார்த்து ஒரு பெண் திருத்தினார். நல்ல பதிப்பாசிரியர் செய்யும் வேலை அது.

எனினும் திருத்துவது வேறு, எழுதுவது வேறு. புதுவழி திறப்பது ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. காட்டில் அலைந்து கல்லைத் தேட வேண்டும். கல்பாசியைத் தூரிகையால் தேய்த்து அகற்ற வேண்டும். பெயரக்கூடிய சில்லுகளைத் தட்டி எடுக்க வேண்டும். விழும் இடத்தைச் செப்பனிட வேண்டும். நாட்கணக்கில், சிலபோது தனியாக, ஆளரவமற்ற இடத்தில் செய்யும் பணி. தடை விரல்வலிமையில் இல்லை. ஓய்வு நேரத்திலும் அச்சமற்ற தனிமையிலும் இருக்கிறது. வலிமைக்குச் சான்று வேண்டுவோர், கயிற்றேற்றமேயாயினும், யோசெமிட்டியின் ‘மெல்ட்டவுன்’ வழியைப் பார்க்கலாம். 2008இல் பெத் ராடன் திறந்த அதை 2018 வரை வேறெவரும் ஏறவில்லை. ஆஞ்சி பெயின் கிரீன்லாந்துக்கே சென்று எவரும் தொடாத பாறைகளைத் தேடினார்.

மற்றொன்றும் உண்டு. நெடிய கையுடையவர் எட்டிப் பிடிக்கும் இடத்தில், குட்டையானவர் இடையில் ஒரு சிறு விளிம்பைக் கண்டு காலூன்றுவார். ஒரே கல்லுக்கு இரு பாடம்! திறந்தவரின் பாடமே கையேட்டில் ஏறுவதால் மற்றது பாடபேதமாகக்கூடப் பதிவாவதில்லை.

‘கல்லுக்கு ஆண் பெண் தெரியுமா?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். கல்லுக்குத் தெரியாது, பெயரிட்டவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பெண்களை இழிவுசெய்யும் வழிப்பெயர்கள் பல 2020இல் அமெரிக்காவில் கடும் விவாதத்துக்குள்ளாகி மாற்றப்பட்டதை அவருக்கு நினைவூட்டினோம். கையேடு தொகுப்போரிடம் நாம் வேண்டுவது இவ்வளவே: ‘பெண்களில் முதல்’ எனும் குறிப்பு இருக்கும் இடத்தில், அக்கல்லைக் கண்டறிந்தவர், தேய்த்துத் துலக்கியவர் பெயர்களையும் சேருங்கள். நாம் முதலில் அதைத்தான் வாசிப்போம்.